கப்பலுக்கு எதுக்குங்க பீதாம்பரி?

தொண்ணூறுகளில் கல்யாணச் சீரில் 'காப்பர் பாட்டம்' பாத்திரம் வைப்பது ஒரு கௌரவம். மேலே எவர்சில்வர், அடியில் மட்டும் செம்பு. அடுப்பில் ஏறிய முதல் நாளே அந்தச் செம்பு கருத்துவிடும். உடனே புளி, உப்பு, சாம்பல், பின்னாளில் பீதாம்பரி... தேய் தேய் என்று தேய்த்து, அடி தெரிகிற மாதிரி கவிழ்த்து வைத்தால்தான் அந்த வீட்டு அம்மாவுக்கு நிம்மதி. செம்பு என்றால் மின்ன வேண்டும். இது அடுப்படி நியாயம். அடுப்படியில் அது சரிதான்.

இதே நியாயத்தை மரத்தில் செய்கிற மாதிரிக் கப்பலுக்கும் கொண்டு போகிறார்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

கப்பல் பொம்மை செய்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பழைய காலத்துப் போர்க்கப்பல் ஒன்றை மரத்தில் செய்து முடித்தபின், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பாகம் முழுக்கச் சின்னச் சின்னச் செம்புத் துண்டுகளை ஒட்டுவார்கள். மாசக்கணக்கில் இழுக்கிற வேலை. ஒட்டி முடித்ததும் பாலிஷ் போட்டு, அதற்கு மேல் வார்னிஷோ லாக்கரோ அடித்து, அந்தப் பளபளப்பைப் பூட்டி வைத்துவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அது புது ஒரு ரூபாய் நாணயம் மாதிரி மின்னும். பார்க்கிறவர்கள் "ஆஹா" என்பார்கள்.

அழகுதான். ஆனால் அது கப்பல் இல்லை, கவிழ்த்து வைத்த சட்டி!

காரணம் புரிய வேண்டுமென்றால் உண்மையான கப்பலுக்கு எதற்காகச் செம்பு அடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். மரக்கப்பலுக்குக் கடலில் இரண்டு எதிரிகள். ஒன்று கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். மரத்துக்குள் துளை போட்டுக் குடியேறி, வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாமல் உள்ளுக்குள் அரித்துத் தின்னும். இன்னொன்று, தூத்துக்குடிப் பக்கம் கொட்டலசு என்று சொல்வார்களே அதுவும் பாசியும். இவை அடியில் அப்பிக்கொண்டால் கப்பலின் வேகம் செத்துவிடும். ஈயத் தகடு அடித்துப் பார்த்தார்கள், கூடுதலாக ஒரு மரப்பலகை அடித்துப் பார்த்தார்கள். எதுவும் முழுசாகக் கைகொடுக்கவில்லை.

1761-இல் ஆங்கிலேயக் கடற்படை 'அலாரம்' என்ற 32 பீரங்கிக் கப்பலுக்கு அடி முழுக்கச் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763-இல் சோதித்துப் பார்த்தபோது புழுவும் இல்லை, பாசியும் பெரிதாக இல்லை. ஆனால் வேறொரு வம்பு. செம்பு தொட்ட இடத்தில் எல்லாம் இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன. உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு இருந்தால் அது ஒரு பேட்டரி, இரும்புதான் பலி. சில ஆணிகள் மட்டும் பிழைத்திருந்தன. ஏன் தெரியுமா? செம்புத் தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்திருக்கின்றன. அந்தக் காகிதத்தைச் சில இடங்களில் யாரும் பிரிக்காமல் அப்படியே வைத்து அடித்துவிட்டார்கள். காகிதம் இருந்த இடத்தில் ஆணி தப்பித்தது. ஒரு சோம்பேறித்தனம் அறிவியலுக்கு இப்படி உதவியது அபூர்வம் :-)

அதன்பிறகு 1779-இலிருந்து கடற்படை முழுவதற்கும் செம்பு அடிக்கத் தொடங்கினார்கள். 1780-இல் 'விக்டரி' கப்பலுக்கு மட்டும் 3,923 தகடுகள். இரும்பு ஆணிக்குப் பதில் செம்புக் கலவை ஆணிகள் வந்தன.

சரி, செம்பு எப்படிப் புழுவைத் தடுக்கிறது? தகடு கெட்டியாக இருப்பதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தண்ணீரில் கரைகிறது. கரைந்து வரும் செம்பு, ஒட்ட வருகிற குஞ்சுகளுக்கு விஷம். அதாவது தன்னைத் தானே செலவழித்துத்தான் அந்தத் தகடு மரத்தைக் காப்பாற்றுகிறது.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய கப்பல்களில் ஒன்று இந்தப் பக்கத்தில் கட்டப்பட்டது என்பதுதான் சுவாரசியம். 'சமராங்' என்று பெயர். 28 பீரங்கி, தேக்கு மரம், 1822-இல் கொச்சியில் கடலில் இறக்கினார்கள். செம்பும் இந்தியாவிலேயே அடித்தாயிற்று. அப்போது இங்கிலாந்தில் கடற்படைக்கு ஒரே கவலை: செம்பு சீக்கிரம் தேய்ந்து போகிறது, காசு கரைகிறது. ஹம்ஃப்ரி டேவியிடம் போனார்கள். (சுரங்க விளக்கு கண்டுபிடித்தாரே, அவரேதான்.) அவர் யோசித்தது எளிமையானது. செம்பு தொட்டால் இரும்பு கரைகிறது என்பதைத்தான் 'அலாரம்' காட்டிவிட்டதே. அப்படியானால் செம்போடு வேண்டுமென்றே கொஞ்சம் இரும்பைச் சேர்த்து வைத்தால் இரும்பு பலியாகும், செம்பு பிழைக்கும் இல்லையா?

1824-இல் சமராங் கப்பலில் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பொருத்தி நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். செம்பின் பரப்பில் எண்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இரும்பு. அடுத்த ஆண்டு ஜனவரியில் திரும்பி வந்தது. டேவி சொன்ன மாதிரியே செம்பு கரையவே இல்லை. முழு வெற்றி! ஆனால் இப்படிப் பாதுகாப்புப் போட்ட கப்பல்களின் அடியைப் பார்த்தால் பாசியும் கொட்டலசும். செம்பு கரையாததால் விஷமும் இல்லை, விஷம் இல்லாததால் விருந்தாளிகள் தடையில்லாமல் வந்து குடியேறினார்கள். 1825-லேயே கடலோடும் கப்பல்களிலிருந்து அந்த இரும்பைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. டேவி கண்டுபிடித்த தத்துவம் வீண் போகவில்லை. இன்றைக்கும் கப்பல்களிலும் நிலத்தடிக் குழாய்களிலும் இரும்பைக் காப்பாற்றத் துத்தநாகமோ மெக்னீசியமோ பலி கொடுப்பது அதே கணக்கில்தான். ஆனால் செம்பு அடித்த மரக்கப்பலுக்கு அது ஒத்துவரவில்லை. கெடாத செம்பு வேலைக்கு ஆகாது.

இப்போது அந்த லாக்கர் அடித்த பொம்மையை மறுபடி பாருங்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால் டேவி பட்ட அவதியை ஒரு டப்பா லாக்கரில் திரும்ப வாங்கி வைத்திருக்கிறார்கள். கெடவே கெடாத செம்பு. கடலுக்குள் ஒரு மாதம் கிடந்த எந்தக் கப்பலின் அடியும் அந்த நிறத்தில் இருந்திருக்க முடியாது. தண்ணீருக்குள் இருக்கிற செம்பு மங்கிய பழுப்பு. நீர்மட்டத்தை ஒட்டி, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து கிடக்கிற ஒரு பட்டையில் மட்டும் பச்சைக் களிம்பு. சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவைப் பிடித்த ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். ஆன்மாவுக்கு அது போக வேண்டும், சரி. கப்பலுக்கு அது வர வேண்டும்.

"மியூசியத்தில் மின்னுதே!" என்று ஒரு கட்சி உண்டு. லண்டனில் 'கட்டி சார்க்' கப்பலைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஆட்கள் நடந்து போகிற மாதிரி 2012-இல் திறந்தார்கள். தங்கக் கலரில் ஜொலிக்கும். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் பாதிப்பேர் பாலிஷ் டப்பாவை எடுக்கிறார்கள். முதலில் அது சுத்தச் செம்பே இல்லை. செம்பும் துத்தநாகமும் கலந்த 'மண்ட்ஸ்' உலோகம், 1832-இல் வந்த மலிவுச் சரக்கு. இரண்டாவது, அந்தக் கப்பல் இப்போது தண்ணீரில் இல்லை, விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. மணமேடையில் எடுத்த போட்டோவைப் பார்த்து ஒருவர் தினமும் ஜரிகை வேட்டியோடுதான் வயலுக்குப் போவார் என்று முடிவு கட்டின மாதிரி.

சிவகாசிக்கு வருவோம். கடலே இல்லாத ஊரில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கடல் நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி தூத்துக்குடியில்தான் இருக்கிறது. ஆனால் கப்பல் செய்ய ஆசைப்படுகிற ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிலிருந்து தொழில் கற்றுத் திரும்பிய நாளிலிருந்து இந்த ஊரில் குச்சிக்குப் பஞ்சமில்லை. மருந்து முக்காத வெறும் குச்சி ஒரு மூட்டை கிடைத்தால் ஒரு கப்பற்படையே கட்டலாம். அட்டை உண்டு, பசை உண்டு, வழவழ காகிதம் உண்டு. செம்பின் குணமும் இந்த ஊருக்குப் புதிதல்ல. வாணவெடியில் நீல நிறம் வேண்டுமென்றால் செம்பு உப்புதான். எல்லா நிறத்திலும் கஷ்டமானது நீலம். கொஞ்சம் சூடு ஏறினாலும் வெளுத்துவிடும். வானத்தில் நல்ல நீலம் பார்த்தால் ஊர்க்காரர்கள் ஒரு நொடி கூடுதலாக அண்ணாந்து பார்ப்பது அதனால்தான்.

தீக்குச்சியில் கட்டிய கப்பலுக்குச் செம்பு ஒட்டும்போது ஒரு தனிப் பிரச்னை வரும். குச்சி சுமார் இரண்டு மில்லிமீட்டர் சதுரம். வளைந்த அடிப்பாகத்தில் வரிசையாக ஒட்டினால் ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு மேடு, ஒரு பள்ளம். செம்புத் தாள் மிக மெல்லிசு. கீழே என்ன இருக்கிறதோ அதை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். மரத்தில் மறைத்துவிடலாம் என்று விட்ட தப்பெல்லாம் செம்பில் இரட்டிப்பாகத் தெரியும். அதனால் உப்புத்தாள் போட்டு இழைத்து, பட்டி பார்த்து, காய்ந்தபின் மறுபடி இழைத்து, விரலால் தடவினால் ஒரு குச்சியும் தட்டக்கூடாது என்கிற வரை போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவுவது நல்லது. கண் மன்னித்துவிடும், விரல் மன்னிக்காது. பசை காயும்வரை பிடிமானத்துக்குக் குத்திய குண்டூசிகளை எல்லாம் உருவிவிட வேண்டும். உள்ளே ஒன்று தங்கினாலும் துருக்கறை ஒரு நாள் மேலே வரும். 'அலாரம்' கப்பலின் கதை சின்ன அளவில் மேசை மேலேயே நடக்கும்.

கிட் வாங்கிச் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். பெட்டியோடு வருகிற தகடுகளில் பல, ஆணித்தலை புடைத்துக்கொண்டு பாக்குப்பழம் மாதிரி வரிசையாக நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆங்கிலேயக் கடற்படைத் தகடு நாலடி நீளம், 14 அங்குல அகலம். கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆணித்தலை அரை அங்குலம் என்று வைத்தாலும் 1:72 அளவில் அது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் தகட்டோடு தகடாகச் சமமாக அடித்த ஆணி. தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகத்தானே இத்தனை செலவும்! அதில் புடைப்பு வைப்பார்களா? கிட்டில் இருக்கிற ஆணித்தலையை நிஜ அளவுக்குப் பெருக்கினால் சாப்பாட்டுத் தட்டு சைஸ் வரும். அந்தக் கப்பல் ஓடாது, உருளும்.

இதற்கு மலிவான மாற்று இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற இடங்களில் பின்புறம் பசை தடவிய செம்பு டேப் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் அகல டேப் 1:72 கப்பலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 17 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு என்று வெட்டிக்கொண்டால் நிஜத் தகட்டின் அளவு அப்படியே வந்துவிடும். ஆணி தேவையே இல்லை. கீழே ஏராவை ஒட்டி, அமரத்தில், அதாவது பின்புறத்தில், ஆரம்பித்து முன்னால் அணியத்தை நோக்கி வர வேண்டும். வரிசை மேல் வரிசையாக ஏற வேண்டும். ஓடு வேய்கிற கணக்குதான். ஓட்டில் மழைத் தண்ணீர் இடுக்கில் நுழையக் கூடாது, இங்கே எதிர்த்து வருகிற கடல் தண்ணீர் நுழையக் கூடாது. முன்னால் இருக்கிற தகட்டின் விளிம்பு பின்னால் இருப்பதன் மேல் படிந்திருக்க வேண்டும். இதை மாற்றி ஒட்டினால் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒட்டிய ஒவ்வொரு துண்டையும் ஸ்பூன் காம்பால் அழுத்தித் தேய்த்தால் ஓரம் எழும்பாது. ஃபெவிக்விக் பக்கத்திலேயே வேண்டாம், வெள்ளைப் புகைக்கறை படிந்துவிடும்.

எலுமிச்சைத் துணியால் ஒரே ஒரு தடவை துடைக்கலாம். டேப்பில் இருக்கிற எண்ணெய்ப் பசையும் கைரேகையும் போவதற்காக மட்டும். பிறகு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, அவ்வளவுதான். அதற்குமேல் தொடக்கூடாது. சில மாதங்களில் ரோஸ் நிறம் மங்கும், ஓரிரு வருஷத்தில் பழுப்பு இறங்கும். எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இறங்காது. ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று காப்பிக் கலர், ஒன்று கொஞ்சம் பிடிவாதமாக மினுங்கிக்கொண்டு. நிஜக் கப்பலிலும் தகடுகள் ஒரே சமயத்தில் அடித்தவை இல்லையே, பழுதானதை அவ்வப்போது மாற்றியிருப்பார்கள். அவசரக்காரர்கள் மூடிய பெட்டிக்குள் வினிகர் ஆவி காட்டிப் பச்சை வரவழைப்பதுண்டு. செய்யலாம், ஆனால் ஈரத்தில் குச்சி ஊதும், பசை விடும். தனியாக ஒரு துண்டில் சோதித்துப் பார்க்காமல் கப்பலை உள்ளே வைக்க வேண்டாம். கந்தகம் பட்டால் செம்பு கருக்கும் என்று தெரிந்த சிவகாசிப் பையன்களுக்கு வேறு யோசனை வரலாம். தயவுசெய்து வேண்டாம். கப்பலுக்காகப் பட்டாசு மருந்தில் கை வைக்கிற அளவுக்கு எந்தப் பழுப்பு நிறமும் அவசியமில்லை.

இத்தனையும் செம்பு போட்டிருந்த கப்பல்களுக்கு. செம்பு ஒட்டத் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கையில் கிடைத்த எல்லாக் கப்பலுக்கும் ஒட்டுவது இன்னொரு வியாதி. ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பியது 1025-இல். 'அலாரம்' கப்பல் அதற்கு எழுநூறு வருஷத்துக்கும் மேல் பிந்தியது. சோழர் கப்பல் என்று எழுதிவிட்டு அடியில் செம்புத் தகடு ஒட்டினால், கல்லணையில் மோட்டார் பம்பு வைத்த மாதிரி இருக்கும். தூத்துக்குடித் தோணியோ பேப்பூர் உருவோ செய்தாலும் கவனம் வேண்டும். இந்தக் கடலில் மரக்கலங்களின் அடிக்குப் பழைய மருந்து சுண்ணாம்பும் கொழுப்பும் எண்ணெயும் கலந்த பூச்சு. தேய்ந்து போனால் கரையில் சாய்த்துப் போட்டு மறுபடி பூசுவார்கள். இதிலும் பூச்சு தேயத்தான் செய்யும், ஆனால் செம்பு வாங்கக் காசு வேண்டாம். பொம்மையில் இதைக் கொண்டுவர மங்கலான வெள்ளை போதும், கொஞ்சம் மஞ்சள் கலந்து, துளியும் மினுமினுப்பு இல்லாமல், தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி. ஒரே மாலையில் முடிந்துவிடும். செம்பு மாதிரி "ஆஹா" வராது என்பதால்தானோ என்னவோ, செய்ய ஆள் குறைவு.

செம்பு ஒட்டியே தீர வேண்டும், அதுவும் இந்தப் பக்கத்துச் சம்பந்தம் வேண்டும் என்றால் 'விக்டரி'யை விட்டுவிட்டு 'டிரிங்கோமலீ' கப்பலை எடுக்கலாம். திருக்கோணமலையைத்தான் அப்படி எழுதினார்கள். 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தின் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி மேற்பார்வையில் தேக்கில் கட்டியது, இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. தமிழ் ஊர்ப் பெயரைச் சுமந்த கப்பல் ஒன்று இருநூறு வருஷம் தாண்டியும் இருக்கிறது என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. அல்லது அந்தக் கொச்சிக் கப்பல் சமராங். அதைச் செய்கிறவர் அடியில் இரண்டு வார்ப்பிரும்புத் துண்டுகளும், அவற்றைச் சுற்றி வஞ்சனையில்லாமல் கொஞ்சம் பாசியும் கொட்டலசும் வைத்தால் உலகத்திலேயே நேர்மையான கப்பல் பொம்மை அதுவாகத்தான் இருக்கும்.

இரும்புக் கப்பல் காலம் வந்ததும் தகடு போய்விட்டது. இரும்பின் மேல் நேரடியாகச் செம்பு அடித்தால் கப்பலே கரைந்துவிடும். ஆனால் செம்பு போகவில்லை, பெயிண்டுக்குள் புகுந்துகொண்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டு உயர்ந்து நிற்கிற கப்பல்களைப் பார்த்தால் நீர்மட்டத்துக்குக் கீழே செங்காவி நிறம் தெரியும். அந்தச் சிவப்புக்கு வழக்கமான காரணம் செம்பு ஆக்சைடு. அதுவும் கரைந்துகொண்டேதான் இருக்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். இந்த மாதிரிக் கப்பல் செய்கிறவர்களுக்கு டேப்பும் வேண்டாம், ஸ்பூனும் வேண்டாம். மேட் பெயிண்ட் ஒரு டப்பா, நீர்மட்டத்தில் கொஞ்சம் வெளிறல், போதும்.